சாவேஜ் மாடல் 12 வார்மின்ட் ரைஃபிள்: தேய்ந்த பாகத்தைக் கழற்றி மாற்ற முடிகிற துப்பாக்கி

மான் வேட்டைக்காரர் ஒரு பருவம் முழுவதும் சுட்டாலும் ஒரு பெட்டி, அதாவது இருபது தோட்டா தீர்வது அபூர்வம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலோ வயோமிங்கிலோ மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து போடும் ப்ரெய்ரி டாக் கூட்டத்துக்கு எதிரே உட்கார்ந்தவர் ஒரே நாளில் முந்நூறு தோட்டா தீர்த்துவிடுவார். ப்ரெய்ரி டாக் என்பது பெயரில் மட்டும்தான் நாய். உண்மையில் அது அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு. பயிருக்கும் மேய்ச்சலுக்கும் கேடு செய்யும் இப்படிப்பட்ட சிறு விலங்குகளைத்தான் அங்கே வார்மின்ட் என்கிறார்கள்.

இந்த இரண்டு வேட்டைக்கும் ஒரே அளவுகோலை வைத்து ரைஃபிளை மதிப்பிட முடியாது. வார்மின்ட் ரைஃபிளுக்குப் பேரல், அதாவது குண்டு பாயும் குழல், லாரிக்கு டயர் மாதிரி. தேய்ந்தே தீரும். அது தேய்ந்த பிறகு எவ்வளவு செலவில், எத்தனை நாளில் மறுபடி களத்துக்குப் போக முடியும் என்பதுதான் கேள்வி. சாவேஜ் நிறுவனத்தின் மாடல் 12-ஐ இங்கே அந்தக் கேள்வியை வைத்தே எடை போடுகிறோம். பளபளப்பு, மரவேலை பற்றிய பேச்சு இதில் அதிகம் இருக்காது.

சாவேஜின் 110 வரிசை 1958-இல் வந்தது. குட்டை ஆக்‌ஷனும் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயக்கப் பகுதி) கனமான பேரலும் கொண்ட அதன் வார்மின்ட் வடிவம்தான் மாடல் 12. இதில் 12 எஃப்வி என்பது 26 அங்குலக் கனப் பேரலும் பிளாஸ்டிக் ஸ்டாக்கும் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை) கொண்ட மலிவான மாதிரி. 12 பிவிஎஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் பேரல், ஒட்டுப்பலகை ஸ்டாக். .223 ரெமிங்டன், .204 ரூகர், .22-250 ரெமிங்டன் ஆகிய மூன்று காலிபர்தான், அதாவது தோட்டா வகைதான், இந்த வேலைக்கு அதிகம் ஓடுகின்றன.

முதலில் பேரல் எங்கே தேய்கிறது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோல முழு நீளமும் சீராகத் தேய்வதில்லை. தோட்டா உட்காரும் அறையான சேம்பர் முடிந்து, குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளமான ரைஃப்ளிங் தொடங்கும் அந்த ஓரிரு அங்குலம்தான், த்ரோட் என்கிற தொண்டைப் பகுதிதான், முதலில் போகும். ஒவ்வொரு வெடிப்பிலும் எரியும் மருந்தின் நெருப்பு மொத்தமும் அந்தக் குறுகலான வழியாகத்தான் பாய்கிறது. எஃகின் மேல்தோல் ஒரு கணம் சுட்டு, உடனே ஆறி, மறுபடி சுட்டு, காய்ந்த ஏரிப் படுகைபோல வெடிப்பு விடுகிறது. பிறகு அந்தப் பாளங்களின் விளிம்புகள் கரைந்து போகின்றன. ரைஃப்ளிங் தொடங்கும் இடம் மெல்ல மெல்ல முன்னே நகர்கிறது.

.22-250 ஏன் .223-ஐவிடச் சீக்கிரம் பேரலைத் தின்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் துளை ஒன்றுதான், குண்டின் விட்டம் .224 அங்குலம். ஆனால் .223 ஏறக்குறைய 25 கிரெய்ன் (சிறு எடை அளவு) மருந்தை அந்தத் துளை வழியே அனுப்புகிறது; .22-250 அனுப்புவது 35-க்கு மேல். பானை பெரிது, வாய் அதே அளவு. நிதானமாகச் சுடுபவர் கையில் .223 பேரல் 4000, 5000 தோட்டா வரை பயன்படும். .22-250-க்கு 2000-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். விடாமல் சூட்டோடு சூடாக அடித்தால் 1000 தாண்டியதுமே தொண்டை தளர்ந்துவிடும். .204 ரூகர் இரண்டுக்கும் இடையில் நிற்கும். இவை உத்தரவாதம் அல்ல. ஒரே பேரல் இரண்டு பேர் கையில் இரண்டு ஆயுள் காணும். வித்தியாசத்தை உண்டாக்குவது வெப்பம்தான்.

பேரலின் நடுவில் கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லையா, நிறுத்துங்கள். சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் காலியாக வைத்து, நிழலில் ஆற விடுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை ஏற்றிவைத்து அடுத்த குறிக்காகக் காத்திருப்பது பெரிய தவறு. மருந்து சூடேறி அழுத்தம் கூடும், குறியும் மேலே போகும். இரண்டு ரைஃபிள் கொண்டுபோய் மாற்றி மாற்றிச் சுடுபவர்களின் பேரல் நீடிப்பதற்கு வேறு எந்த ரகசியமும் இல்லை.

தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம். டெஸ்லாங் போன்ற டிஜிட்டல் போர்ஸ்கோப்புகள் (பேரலுக்குள் பார்க்கும் கேமராக்கள்) விலை இறங்கியபின் இது எவர் கைக்கும் எட்டுகிற சோதனை. ஆனால் தொண்டையில் வெடிப்பைப் பார்த்தவுடன் பேரலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சில நூறு தோட்டா சுட்ட எந்த .22-250 பேரலிலும் அந்தப் பாளங்கள் தெரியும். பார்க்கக் கோரமாக இருக்கும், அடி மட்டும் ஒழுங்காக விழும். நம்ப வேண்டியது அளவை. ஹார்னடி விற்கும் ஓஏஎல் கேஜை வைத்து, குண்டு ரைஃப்ளிங்கைத் தொடும் இடம் வரைக்குமான நீளத்தைப் பேரல் புதிதாக இருக்கும்போதே அளந்து எழுதி வையுங்கள். அளந்த அதே குண்டை ஒரு சின்ன உறையில் போட்டு, தேதியும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். குண்டுகள் லாட்டுக்கு லாட்டு வடிவம் சிறிது மாறும். வேறு குண்டால் அளந்தால் தொண்டை நகர்ந்ததா, குண்டு மாறியதா என்று தெரியாது. ஒவ்வொரு 300, 400 தோட்டாவுக்கும் ஒருமுறை அளந்தால் போதும்.

அடி சிதறத் தொடங்கியதும் பேரல் போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் எல்லோரும் அவசரப்படும் இடம். மாடல் 12-இல் சிதறலுக்குப் பேரலுக்கு முன் சந்தேகப்பட வேண்டியவை நிறைய. முதலில், ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிடித்திருக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள்: பிளாஸ்டிக் ஸ்டாக்கில் இவை தளரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்து 35 அங்குல-பவுண்டை ஒட்டி இறுக்குங்கள். அடுத்து ஸ்கோப் பேஸ், ரிங் ஸ்க்ரூக்கள். பேஸ் ஸ்க்ரூவுக்கு 20, ரிங்குக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும். பிறகு, குறி நன்றாகப் பிடிக்கும் என்று தெரிந்த வேறொரு ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள். ஸ்கோப் கெட்டு, பேரலை மாற்றிய கதைகள் ஏராளம்.

அடுத்தது கார்பன் வளையம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தோட்டாக் கூட்டின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால், சேம்பரின் கழுத்தில், கரி படிந்து படிந்து கண்ணாடிபோல இறுகிவிடும். புதுத் தோட்டாவின் வாய் அதில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் திடீரென ஏறும், போல்ட் கைப்பிடி கனக்கும், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் தட்டையாகும், ஒன்றிரண்டு அடி எங்கோ போய் விழும். பார்ப்பவருக்குப் பேரல் செத்துவிட்டதுபோலவே தோன்றும். சாதாரண சால்வென்ட் இதை அசைக்காது. கரி கரைப்பானை ஊற விட்டு, ஒரு சுற்றுப் பெரிய வெண்கல பிரஷ்ஷைச் சேம்பர் கழுத்தில் வைத்துக் கையால் சுழற்ற வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால், துணித்துண்டில் ஜே-பி பேஸ்ட் கொஞ்சம் தடவி, அந்த ஒரு அங்குலத்தில் மட்டும் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும். இவ்வளவையும் செய்த பிறகும் சிதறினால்தான் பேரலைப் பற்றிப் பேசலாம்.

சாவேஜ் ஃபேக்டரி பேரலுக்கு ஒரு குறை உண்டு. உள்ளே கருவித் தடங்கள் சற்றுக் கரடாக இருக்கும். செம்பு நிறையப் பிடிக்கும். அடி நன்றாக விழும், ஆனால் துடைப்பதில் பொறுமை வேண்டும். அம்மோனியா உள்ள ஸ்வீட்ஸ் 7.62 போட்டால் 15 நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். வைப்-அவுட் நுரை அம்மோனியா இல்லாதது, நிதானமாக வேலை செய்யும். நம் ஓட்டு அதற்கே. பித்தளை ஜாக் (ராடு முனையில் துணியைப் பிடிக்கும் துண்டு) வைத்துத் துடைத்தால் கரைப்பான் அந்த ஜாக்கையே கரைத்து, துணி எப்போதும் நீலமாகத்தான் வரும். செம்பு போகவே இல்லை என்று நினைத்துப் பேரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். நிக்கல் பூசியதோ நைலானோ வாங்குங்கள். பூச்சு போட்ட ஒற்றைத் துண்டு ராடு, போல்ட் இருக்கும் இடத்தில் பொருந்தி ராடை நேராக வழிநடத்தும் போர் கைடு, பின்பக்கமிருந்து மட்டுமே உள்ளே நுழைப்பது: இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ராடு வளைந்து தொண்டையையும் வாயையும் உரசும்.

இனி இந்த ரைஃபிளை வாங்கச் சொல்லும் முக்கியமான காரணம்.

பேரல் மாற்றம். ரெமிங்டன் 700 போன்ற துப்பாக்கிகளில் பேரலின் தோள்பட்டை ஆக்‌ஷனில் முட்டி நிற்கும். ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பர் தோளுக்கும் உள்ள இடைவெளி, லேத்தில் கடைந்துதான் சரிசெய்யப்படும். அதனால் அது துப்பாக்கி மெக்கானிக் வேலை. வரிசையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். சாவேஜில் பேரல் வெறுமனே மரையில் ஏறும். ஒரு நட் அதை இருக்கும் இடத்தில் பூட்டும். சேம்பர் ஏற்கனவே கடைந்து முடித்த பேரலை வாங்கி, கேஜை வைத்து ஏற்றி, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. ஷைலென், க்ரைட்டீரியன், மெக்கோவென் ஆகிய நிறுவனங்கள் இந்த மரைக்கே பேரல் செய்கின்றன. இந்த ஏற்பாடு பிடித்துப்போய், ரெமிங்டன் 700-க்கும் நட் போட்ட பேரல் விற்கத் தொடங்கி, அதற்கு ‘ரெமேஜ்’ என்று பெயரும் வந்துவிட்டது.

வாங்குமுன் மரையைப் பாருங்கள். வழக்கமான மாடல் 12-க்கு 1.055 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பருமனான 1.120 அங்குல மரை கொண்ட சாவேஜ்களும் உண்டு. நட்டும் இரண்டு வகை: வெளியே பள்ளங்கள் வெட்டியது, வழவழப்பானது. ஸ்பேனர் அதற்கேற்பத்தான்.

வேலை இப்படி. தோட்டா ஒன்றுகூட அந்த அறையில் இருக்கக் கூடாது. போல்ட்டை எடுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, ஸ்டாக்கைக் கழற்றுங்கள். பேரலை நட்டுக்கு முன்னால் பேரல் வைஸில் இறுக்குங்கள்; வைஸ் நழுவினால் பேரலில் கீறல் விழும், அதனால் இடையில் ரோசின் பொடி. பேரல் வாய்ப்பக்கமிருந்து பார்த்தால் நட்டை இடப்புறமாகத் திருப்பினால் தளரும். ஃபேக்டரி நட் பயங்கர இறுக்கமாக இருக்கும். அழுத்தித் தள்ளுவதைவிட, ஸ்பேனர் பிடியை ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் விட்டுக்கொடுக்கும். பேரல் வெளியே வந்ததும் ரீகாயில் லக், அதாவது பின்னுதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் தகடு, கையில் விழும். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

மரைகளைத் துடைத்து, புதுப் பேரலின் மரையில் ஆன்ட்டி-சீஸ் கிரீஸ் லேசாகத் தடவி, நட்டையும் லக்கையும் போட்டு ஏற்றுங்கள். போல்ட்டில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே எறியும் பாகம்) இருந்தால் அதன் ஸ்பிரிங் கேஜைத் தள்ளி அளவைப் பொய்யாக்கும், கழற்றிவிடுங்கள். ‘கோ’, ‘நோ-கோ’ என்பவை ஹெட்ஸ்பேஸைச் சோதிக்கும் இரண்டு அளவுத் துண்டுகள்; முதலாவது குறைந்தபட்ச அளவு, இரண்டாவது மீறக் கூடாத அளவு. ‘கோ’ கேஜைப் போல்ட் முகத்தில் வைத்துப் போல்ட்டை மூடிவிட்டு, பேரல் கேஜில் மெல்ல முட்டும்வரை கையால் திருப்புங்கள். பிறகு லக்கை நேராகப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். 40 அடி-பவுண்டை ஒட்டினால் போதும். நட்டோடு சேர்ந்து பேரலும் ஒரு மயிரிழை திரும்புவது சகஜம். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி சோதியுங்கள்: ‘கோ’ கேஜில் போல்ட் தங்குதடையின்றி மூட வேண்டும், ‘நோ-கோ’ கேஜில் மூடவே கூடாது. ‘கோ’வில் கனத்தாலும் ‘நோ-கோ’வில் மூடினாலும் நட்டைத் தளர்த்தி முதலிலிருந்து. இந்த இரண்டு கேஜும் இல்லாமல், சுட்ட கூட்டை வைத்தோ குத்துமதிப்பாகவோ பேரல் ஏற்றுவது கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. கேஜ் வாங்கத் தயங்குபவர் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடட்டும்.

முதல் தோட்டாக்களின் கூட்டை எடுத்து, அடிப்பகுதிக்கு மேலே பளபளப்பான வளையம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கூடு பிரியத் தொடங்கும் அடையாளம். புதுப் பேரல் முதல் நூறு, இருநூறு தோட்டாவில் வேகம் சிறிது ஏறும். அதற்கு முன் மருந்து அளவை இறுதி செய்யாதீர்கள்.

போல்ட்டிலும் இதே சிந்தனை தெரிகிறது. சாவேஜின் போல்ட் தலை தனிப் பாகம். ஒரு குறுக்குப் பின் அதைப் பிடித்திருக்கிறது, அந்தப் பின்னின் துளை வழியாகத்தான் ப்ரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் போகிறது. தலை தேய்ந்தாலோ, ப்ரைமர் கசிந்து முகம் அரித்துப்போனாலோ, முழு போல்ட்டை வாங்க வேண்டியதில்லை. .223-க்கும் .204-க்கும் ஒரே தலை பொருந்தும்; .22-250-க்குப் பெரிய முகம் கொண்ட வேறு தலை வேண்டும். தலையை மாற்றினால் ஹெட்ஸ்பேஸை மறுபடி கேஜால் பார்த்தே ஆக வேண்டும்.

சுட்ட கூட்டைச் சேம்பரிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர்தான் இந்தத் துப்பாக்கியின் பலவீனமான இடம். சின்ன நகம், அதன் பின்னால் ஒரு எஃகுக் குண்டுமணி, அதற்கும் பின்னால் ஸ்பிரிங். பித்தளைத் தூளும் கரியும் உள்ளே சேர்ந்தால் நகம் அசையாது. கூடு சேம்பரிலேயே தங்கிவிடும். கழற்றும்போது அந்தக் குண்டுமணி பறந்துபோகும், தேடினால் கிடைக்காது. கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் போல்ட் தலையை வைத்து வேலை செய்யுங்கள். நகம், மணி, ஸ்பிரிங் மூன்றும் ஒரு செட்டாக இரண்டு வாங்கி வேட்டைப் பையில் வைப்பது அவசியம். களத்தில் நாளையே பாழாக்குவது பேரல் அல்ல, இந்த மணிதான். எஜெக்டரிலும் பித்தளைத் துகள் சிக்கும். கூட்டை வெளியே எறிவது சோம்பலானால், அதை அழுத்திப் பிடித்துச் சால்வென்ட் விட்டு, ஏழெட்டு முறை குத்திக் குத்தி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஃபயரிங் பின் ஸ்பிரிங்கை யாரும் நினைப்பதில்லை. வருடத்துக்கு இரண்டாயிரம் தோட்டா சுடுபவர் சில வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் உடனே தோட்டா வெடிக்காமல் போய்விடாது. வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறுவதாகவும், தூரத்தில் மேலும் கீழுமாக அடி விழுவதாகவும்தான் முதலில் தெரியும். ஆனால் ஸ்பிரிங் வாங்குமுன் போல்ட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். பழைய எண்ணெய் பிசினாக இறுகி, குளிர்காலக் காலையில் பின்னைத் தடுப்பதுண்டு. துடைத்து, உலர்ந்த நிலையிலேயே விடுவது நல்லது.

போல்ட்டைப் பூட்டும் பற்களான லக்குகளின் பின்புறத்துக்கும், ஃபயரிங் பின்னைப் பின்னிழுக்கும் காக்கிங் பின் ஏறும் சரிவுக்கும் கிரீஸ் கட்டாயம். சாவேஜ் போல்ட்டைத் தூக்குவதே கொஞ்சம் கனம். முந்நூறு முறை தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். பின்பக்க ஸ்க்ரூவில் உராய்வைக் குறைக்கச் சிறிய பேரிங் வைக்கும் ‘போல்ட் லிஃப்ட் கிட்’ தனியாகக் கிடைக்கிறது. இந்த ரைஃபிளுக்குச் செலவு செய்ய வேண்டிய முதல் காசு அதுதான்.

அக்யூட்ரிகர் என்று சாவேஜ் பெயரிட்டிருக்கும் இதன் விசை நல்ல ட்ரிகர். வார்மின்ட் மாடலில் ஒன்றரை பவுண்டு வரை இறக்கலாம், சாவியும் கூடவே வரும். நடுவில் உள்ள மெல்லிய தகட்டை அழுத்தாமல், ஃபயரிங் பின்னைப் பிடித்துவைக்கும் சியர் நழுவினால் துப்பாக்கி வெடிக்காது. போல்ட்டைத் தூக்கி மறுபடி ஏற்ற வேண்டும். போல்ட்டை வேகமாக மூடும்போது இது அடிக்கடி நடந்தால், ட்ரிகரை மிகவும் இறக்கிவிட்டீர்கள், அல்லது உள்ளே தூசி. லைட்டர் திரவத்தால் கழுவி, காற்றில் உலர விடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம், புல்வெளித் தூசி அதில் ஒட்டிக் களிம்பாகும்.

பிடிக்காதது ஸ்டாக். 12 எஃப்வி-யின் பிளாஸ்டிக் முன்பகுதி, பைபாட் என்கிற இரட்டைக் கால் தாங்கியை மாட்டினால் வளைந்து பேரலைத் தொடும். தொட்டால் சூடேறும்போது குறி நகரும். ஒரு தாளைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே விட்டு, பைபாடில் அழுத்தியபடி இழுத்துப் பாருங்கள். சிக்கினால் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடம் விடுங்கள், அல்லது பிவிஎஸ்எஸ் வாங்குங்கள். டிக்கா டி3எக்ஸ் என்ற மாற்று ரைஃபிள் இந்த விஷயத்திலும் போல்ட்டின் வழவழப்பிலும் தெளிவாக மேலானது. ஆனால் அதன் ஃபேக்டரி பேரல் கழற்றுவதற்கே பெரும் போராட்டம்.

வருடத்துக்கு இருநூறு தோட்டா சுடுபவருக்கு டிக்காவைத்தான் சொல்வோம்; பேரல் தேயும் நாள் அவருக்கு அருகில் இல்லை. ஒரு பருவத்தில் ஆயிரத்தைத் தாண்டுபவருக்கு மாடல் 12, .223-இல். .22-250-தான் வேண்டும் என்றால், ரைஃபிள் வாங்கும் அன்றே நட் ஸ்பேனர், பேரல் வைஸ், ‘கோ’, ‘நோ-கோ’ கேஜ், எக்ஸ்ட்ராக்டர் செட் இரண்டு, ஃபயரிங் பின் ஸ்பிரிங் ஒன்று ஆகியவற்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இரண்டாவது பேரலுக்கு முதல் பேரலின் பாதி ஆயுளிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். வசந்தத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்.